காத்திருப்பவரின் விலை

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதல் ஆட்டம் ஏறத்தாழ முழுவதும் ஒருவரின் கைவழியே நடக்கிறது. அவர் குவார்ட்டர்பேக். அவர் காயமுற்றால் களமிறங்குவதற்கென ஒவ்வோர் அணியும் ஒரு மாற்றாளரை ஊதியம் கொடுத்து வைத்திருக்கிறது. அந்த மாற்றாளரை ஃபேன்டசி லீக்கில் தம் அணியில் சேர்த்துவைப்பது தகுமா என்னும் கேள்வி வெறும் பொழுதுபோக்காகத் தோன்றலாம். மதிப்பு என்ற சொல்லை அன்றாடம் கையாளும் பொருளியல், சமூகவியல் மாணவர்களுக்கு அதனுள் ஒரு நல்ல பாடம் இருக்கிறது என்பது என் கருத்து.

ட்ரீம்11 அறிந்தோர்க்கு முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அதில் ஒரே ஆட்டக்காரரை ஆயிரம் பேரும் தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்காவில் பெருவழக்காயுள்ள லீக்குகளில் ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை அதே லீக்கில் வேறெவரும் எடுக்க இயலாது. எனவே, அங்கே விலையை நிர்ணயிப்பது பற்றாக்குறை.

என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். ஆகவே முதன்மைக் குவார்ட்டர்பேக்குகள் 32 பேர். 12 பேர் கொண்ட லீக்கில் ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஒரு குவார்ட்டர்பேக்கையே களமிறக்குவதாயின், தேவைப்படுவோர் 12 பேர்தாம். எல்லோரும் இரண்டாமவர் ஒருவரைச் சேர்த்துவைத்தாலும் எட்டுப் பேர் எவராலும் எடுக்கப்படாமல் எஞ்சுவர். ஆடிக்கொண்டிருப்பவரே இலவசமாகக் கிடைக்கும் சந்தையில், ஆடாமல் அமர்ந்திருப்பவருக்கு விலை ஏது? அவர் பெஞ்சில் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கணக்கிட்டால் மதிப்பு சுழியத்திற்கும் கீழே போகிறது.

ஒரே ஒரு விதியை மாற்றுங்கள். சூப்பர்ஃப்ளெக்ஸ் எனப்படும் லீக்குகளில் இரண்டு குவார்ட்டர்பேக்குகளைக் களமிறக்கலாம். தேவை உடனே 24 ஆகிறது. ஓய்வு வாரங்களை ஈடுகட்ட ஒவ்வொருவரும் மூன்றாமவரை நாடினால் அது 36, இருப்போரோ 32. சென்ற பத்தியில் சுழியமாயிருந்த அதே மனிதர் இப்போது பேரம் பேசப்படும் பொருளாகிறார். அவருடைய தோள்வலியோ ஆட்டநுட்பமோ இம்மியும் மாறவில்லை.

‘உன் முதன்மை ஆட்டக்காரரின் மாற்றாளரையே சேர்த்துவை’ என்பது பரவலான அறிவுரை. ஓடும் ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு நியாயம் உண்டு. குவார்ட்டர்பேக் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. முதல்வரின் இடத்தோடு அவருடைய புள்ளிகளும் மாற்றாளருக்கு வந்துசேரும் என்று அது எண்ணிக்கொள்கிறது. 2023இல் ஆரன் ராட்ஜர்ஸ் ஜெட்ஸ் அணிக்கு ஆடிய முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காயமுற்றார். இடத்தை ஏற்ற சாக் வில்சன் அப்பருவத்தில் எறிந்த டச்டவுன்கள் எட்டே. அதே ஆண்டு நவம்பரில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியில் சேர்ந்த 38 வயது ஜோ ஃபிளாக்கோ, ஐந்தே ஆட்டங்களில் 13 டச்டவுன்கள் எறிந்தார். பருவம் தொடங்கியபோது அவர் எந்த அணியிலும் இல்லை. எனவே, முன்கூட்டிச் சேமித்துவைத்திருக்கவும் வழியில்லை. சேமிப்பைவிட விழிப்பே அங்கே பயன் தந்தது.

நிக் ஃபோல்ஸைச் சான்றாக நிறுத்துவோர் உண்டு. கார்சன் வென்ட்ஸ் காயமுற்றபின் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை வழிநடத்திய அவர், 2018 பிப்ரவரியில் சூப்பர் பவுலை வென்று அதன் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வுபெற்றார். வரலாறு அதைப் பொன்னெழுத்தில் பொறித்துவிட்டது. ஆனால், வழக்கமான ஃபேன்டசி லீக்குகள் டிசம்பர் இறுதிக்குள் முடிந்துவிட்டிருந்தன. அவற்றின் ஏட்டில் அந்த வெற்றிக்கு ஒரு புள்ளியும் இல்லை.

இனி மெய்யான அணியின் நிலையைப் பாருங்கள். 2023 ஜனவரியில் ஈகிள்ஸுக்கு எதிரான தகுதிச்சுற்று இறுதியில் சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணியின் பிராக் பர்டிக்கு முழங்கையில் காயம். மாற்றாக வந்த ஜோஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. சரிவரப் பந்தெறிய இயலாத பர்டியே மீண்டும் களம்புக நேர்ந்தது. 31–7 எனத் தோற்றார்கள். அவ்வாண்டே, அவசரகால மூன்றாம் குவார்ட்டர்பேக்கை அனுமதிக்கும் விதி திரும்ப வந்தது. ஆட்டத்தின் நடுவே சந்தைக்குச் செல்ல முடியாத அணிக்கு, காத்திருப்பவர் தவிர்க்கவியலாதவர்.

ஆக, ஒரே மனிதருக்கு ஓர் ஏட்டில் சுழியம், இன்னோர் ஏட்டில் நல்ல விலை, மூன்றாவதில் அணியின் தலைவிதி. எண்ணுகிற விதி எதுவோ, அதற்கேற்ப எண் மாறுகிறது. காத்திருப்போர் பட்டியல்களும் தற்காலிகப் பணியிடங்களும் நிறைந்த கல்விக்கூடங்களில் வாழும் நாம், ஒருவரின் மதிப்பு இவ்வளவே என்று சொல்லப்படும்போது கேட்கவேண்டிய முதற்கேள்வி இதுதான்: யாருடைய விதிப்படி?