பாகியன் ஏறிய கப்பல்

சீன தேசத்துப் பாகியன் என்னும் துறவியை நம் மாணாக்கர் அனைவரும் அறிவர். வரலாற்றுப் பாடத்தில் அவர் வருவார், அநுராதபுரத்தைக் காண்பார், அபயகிரி விகாரையின் சிறப்பைக் கூறுவார், ஈராண்டு தங்கியிருந்து கப்பலேறிப் போய்விடுவார். பாடமும் அத்துடன் முடிந்துவிடும். போனவர் ஊர் சேர்ந்தாரா, வழியில் யாது கண்டார் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. யானும் பல்லாண்டு காலம் அவரைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பியவனே. ஜேம்ஸ் லெக் என்பார் 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாக அவருடைய நூலை முற்றும் படித்தபோதுதான், நாம் கைவிட்ட பகுதியே அந்நூலின் உயிர்ப்பகுதி என்று உணர்ந்தேன்.

தரையில் நடக்கும் பாகியன் கண்டதையும் எழுதுவார், கேட்டதையும் எழுதுவார். இலங்கையில் ஆதியில் மனிதரே இல்லை, பேய்களும் நாகர்களுமே வாழ்ந்தனர், வணிகர் வந்தால் அவை உருவைக் காட்டாமல் பண்டங்களுக்கு விலை மாத்திரம் குறித்து வைக்கும் என்று அவர் எழுதியது கேள்விச் செய்தி. அத்தகைய அற்புதங்கள் அவர் நூலில் பல. கப்பலில் ஏறியபின்னரோ பிறர் சொன்ன அற்புதம் ஒன்றேனும் இல்லை. எல்லாம் அவர் கண்ணாற் கண்டவை. பெரும்பாலும் அஞ்சி நின்று கண்டவை. பயண நூல் எழுதுவோர் கற்க வேண்டிய வேறுபாடு இதுவே என்பது என் கருத்து.

அவர் ஏன் கப்பலேறினார் என்பதை முதலில் சொல்லவேண்டும். 399ஆம் ஆண்டில் சாங்கான் நகரிலிருந்து துணைவர் சிலருடன் புறப்பட்டவர் அவர். பாலைவனமும் பனிமலையும் கடந்தார். துணைவருள் ஒருவர் பனிமலையில் இறந்தார், ஒருவர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார், ஏனையோரும் பிரிந்தனர். இலங்கைக்கு வந்தபோது அவர் தனியர். அபயகிரியில் பச்சைக்கல்லாலான புத்தர் திருவுருவின் பக்கத்தில், வணிகன் ஒருவன் வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைப்பதைக் கண்டார். அது சீனத்து விசிறி. கண்டதும் அவர் கண்ணீர் பெருகிற்று. பொன்னும் மணியும் குவிந்த விகாரையில் அவரை அசைத்தது ஒரு விசிறி!

411ஆம் ஆண்டளவில், இருநூறு பேருக்கு மேல் ஏறிய பெரிய வணிகக் கப்பலொன்றில் அவர் புறப்பட்டார். ஆபத்துக்கு உதவும்பொருட்டு அக்கப்பலின் பின்னே சிறு தோணியொன்று கட்டப்பட்டிருந்தது. நல்ல காற்றில் இரண்டு நாள் சென்றபின் புயல் எழுந்தது. கப்பலில் ஓட்டை விழுந்தது. வணிகர் தோணிக்குத் தாவ முயன்றனர். தோணியில் இருந்தவர்களோ, பலர் ஏறினால் தாமும் மூழ்குவோம் என அஞ்சிக் கயிற்றை அறுத்துவிட்டனர். உயிர்காக்கக் கட்டிய தோணி உயிர்காக்க ஓடிவந்தவரை விட்டு அகன்றது.

பின்னர் வணிகர் தம் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். பாகியனும் தம் நீர்க்கலத்தையும் கழுவு பாத்திரத்தையும் எறிந்தார். ஆயின் நூல்களை எறிந்துவிடுவார்களோ என்றே அவர் நடுங்கினார். எந்த ஏடுகளுக்காக வந்தாரோ அந்த ஏடுகள் அலைக்கு இரையாகுமோ என்ற அச்சம் அது. ஏட்டுச்சுவடியைக் கறையானுக்குக் கொடுத்த நம்மவர்க்கு இவ்விடம் சற்று உறைக்கும்.

பதின்மூன்று நாள் கழித்து ஒரு தீவை அடைந்து, நீர் வற்றிய வேளையில் ஓட்டையைக் கண்டறிந்து அடைத்தனர். நம் கரையோரத்து மரக்கலத் தச்சர் கலப்பற்று என்று சொல்லும் வேலையாக அது இருந்திருக்கலாம். அதன்பின் தொண்ணூறு நாளுக்கு மேற்பட்ட ஓட்டம். திசை அறிய ஞாயிறும் திங்களும் விண்மீனுமே துணை. மழை மூடினால் காற்றுப் போன வழியே கப்பலும் போகும். அவ்விருளில், ஒன்றோடொன்று மோதும் பேரலைகள் நெருப்புப்போல் ஒளிவிட்டதைக் கண்டதாக எழுதுகிறார்.

இப்பகுதியை வகுப்பில் எடுத்துக் கூறியபோது, இது கற்பனை என்று நகைத்தனர் சிலர். கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளையொருவன் கடைசி வாங்கிலிருந்து எழுந்து, “இல்லை ஐயா, இரவிலை வள்ளத்திலை போகேக்கை தண்ணியைத் தட்டினால் நெருப்புப் போலத் தெறிக்கும், நான் கண்டனான்” என்றான். கடலில் வாழும் நுண்ணுயிர்கள் அலைப்புண்ணும்போது ஒளியை உமிழும் என்பதை விஞ்ஞான ஆசிரியர் பிறகு விளக்கினார். முப்பது ஆண்டாக நெய்தற்றிணை கற்பித்தவன் அதனைக் கடைசி வாங்கிலிருந்து கேட்டறிந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவர்கள் கரையடைந்த நாடு யாவத்தீவு. அது சாவகமோ சுமாத்திராவோ என்று ஆய்வாளர் வேறுபடுவர். அங்கே ஐந்து மாதம் தங்கி, ஐம்பது நாளுக்கு வேண்டிய உணவுடன் சீனம் செல்லும் வேறொரு கப்பலில் ஏறினார். ஒரு மாதத்தின்பின் மீண்டும் புயல். அப்போது கப்பலில் இருந்த பிராமணர் கூடி, இத்துறவியை ஏற்றியதாலேயே இக்கேடு வந்தது, ஒருவனுக்காக யாவரும் மாளலாகாது, ஏதேனும் ஒரு தீவில் இவனை இறக்கிவிடுவோம் என்று ஆலோசித்தனர். பாகியனுக்கு ஆதரவளித்த ஒருவர் எழுந்து, இவரை இறக்குவதாயின் என்னையும் இறக்குங்கள், இல்லையேல் என்னைக் கொல்லுங்கள், அன்றேல் சீனம் சேர்ந்ததும் அரசனிடம் முறையிடுவேன் என்றார். அதன்பின் ஒருவரும் துணியவில்லை.

நண்பரான ஆசிரியர் ஒருவர் இப்பகுதியை மாணாக்கர்க்குச் சொல்லாது விடுவதே நன்று, நம் சமயத்தார் மனம் புண்படும் என்றார். அவர் நல்லெண்ணத்தை மதிக்கிறேன், கருத்தை ஏற்கமாட்டேன். மணிமேகலையில் ஆபுத்திரன் சாவகம் செல்லக் கப்பலேறி, காற்றினால் கலம் மணிபல்லவத்தில் ஒரு நாள் நிற்க, கரையில் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்றெண்ணிக் கலம் இரவிலே போய்விடுகிறது. ஆளற்ற தீவில் ஒருவன் தனித்து விடப்படுவது எத்தகையது என்பதைக் காட்ட அக்காதை போதும். அங்கே மறதியால் நிகழ்ந்ததை இங்கே அறிந்தே செய்ய முற்பட்டனர். அச்சம் மிகுந்தால் எச்சமயத்தாரும் பக்கத்தில் இருப்பவனைப் பலிகொடுக்க நினைப்பர். தோணியின் கயிற்றை அறுத்தோர் எச்சமயத்தார் என்பதை அவர் எழுதவேயில்லை. இன்னாதவற்றை நீக்கிவிட்டுக் கற்பிப்பதாயின் விசிறியை மாத்திரம் கற்பிக்க வேண்டியதுதான்.

எழுபது நாளுக்கு மேல் கடந்தது. உணவும் நீரும் தீரும் நிலை. சோறு சமைக்க உப்புநீர். குடிக்க ஆளுக்கு இவ்வளவு என அளந்த நன்னீர். வழி தவறிவிட்டோம் என்றுணர்ந்து வடமேற்கே திருப்பிப் பன்னிரண்டு நாள் ஓட்டினர். 412ஆம் ஆண்டில் ஒரு கரை தென்பட்டது. அது எந்நாடு என்று எவருக்கும் தெரியவில்லை. மனிதர் நடமாட்டமும் இல்லை. அங்கே முளைத்திருந்த கீரை வகையைக் கண்ட பின்னரே அது சீனம் என்று துணிந்தனர். கோபுரமுமன்று, கொடியுமன்று, கீரை! நம் கரையொன்றில் ஒதுங்குபவன் முருங்கையைக் கண்டு ஊரறிந்தாற்போல.

ஆயினும் அது சீனத்தின் எப்பகுதி, இறங்க வேண்டிய துறையைக் கடந்துவிட்டோமா, இன்னும் சேரவில்லையா என்று கப்பலில் வாதம் நடந்தது. சிறு தோணியில் சென்றவர்கள் வேடர் இருவரை அழைத்துவர, பாகியன் மொழிபெயர்ப்பாளரானார். முதலில் அவர்களுக்குத் தைரியம் கூறி, நீங்கள் யார் என்று மெல்லக் கேட்டார். புத்தர் அடியார் என்றனர். மலையில் யாது தேடினீர் என்றார். துறவியின் முன் வேட்டையென்று சொல்ல நாணிய அவர்கள், நாளை ஏழாம் மாதத்துப் பதினைந்தாம் நாள், புத்தருக்குப் படைக்கப் பீச்சுப் பழம் பறிக்க வந்தோம் என்றனர். தாய்நாட்டு மண்ணில் அவர் கேட்ட முதற்பேச்சிலேயே ஒரு பொய் கலந்திருந்தது. அதனையும் பாகியன் கடிந்து ஒரு சொல் சேர்க்காமல் எழுதிவைத்திருக்கிறார்.