கடாரம் வென்றோம் என்பீர். வடக்கு எது, காட்டுவீரா?

மேடை ஏறியதும் நாம் கடாரத்தை வென்றுவிடுகிறோம். இராசேந்திர சோழனின் கலங்கள் 1025-இல் கடல் கடந்தன. 2025-இல் ஆயிரம் ஆண்டு நிறைந்ததென்று எத்தனை முழக்கங்கள்! ஓசூரை அடுத்து நடந்த அத்தகைய கூட்டமொன்றில் நானும் இருந்தேன். கடலை ஆண்ட இனம் நாம் என்று ஒருமணி நேரம் இடியென முழங்கிய பேச்சாளரை, வெளியே வந்ததும் மத்திகிரிச் சிறுவன் ஒருவன் மறித்தான். ‘ஐயா, வடக்கு காட்டும் விண்மீன் எது?’ என்று கேட்டான். அவர் உச்சிக்கு நேரே ஒளிவிட்ட ஏதோ ஒன்றைச் சுட்டினார். பையன் சிரிக்கவில்லை; அது அவன் பண்பு. எனக்குத்தான் தலை கவிழ்ந்தது. ஏனெனில் அன்று எனக்கும் அது தெரியாது.

நம்மவருள் சிலர் இந்த அறியாமைக்கும் ஒரு சொல்லாக்கத்தால் மருந்திட்டுவிடுவர். துருவ நட்சத்திரம் என்பது வடசொல், அடித்துவிட்டு வடமீன் என்று எழுதுக, வேலை முடிந்தது! முடியவில்லை, ஐயன்மீர். கழகப் புலவர் வடமீன் என்றது கற்புக்கு எடுத்துக்காட்டாக வைத்த வேறொரு மீனை. வடமொழியாளர் அருந்ததி என்பதை. அது வடமுனையினின்று முப்பது பாகைக்கும் மேலே விலகி நின்று சுற்றுவது. அதை நம்பிக் கலம் விடுத்தவன் வேண்டிய துறையைச் சேரான். வேண்டுமானால் வடமுனை மீன் என்போம். ஆனால் அதை வானில் கண்டபின் சொல்வோம். பாடநூல்கள் சப்தரிசி மண்டலம் எனக் கற்பிக்கும் கூட்டத்தை நற்றிணை எழுமீன் என்கிறது. அவ்வேழனுள் வாலுக்கு எதிர்ப்புறம், ஓரத்தில் நிற்கும் இரண்டை ஒரு கோட்டால் இணையுங்கள். அக்கோட்டை ஐந்து மடங்கு நீட்டுங்கள். வடமுனை மீன் அங்கே இருக்கும். பெரிய ஒளியன்று, தேடித்தான் காணவேண்டும். (மாலுமி என்று நாம் கூசாமல் வழங்கும் சொல்லும் அரபியர் தந்ததே. மீகாமன் என்று ஒருவன் நமக்கு இருந்தான். சொல்லோடு தொழிலையும் விட்டோம்.)

இனி அந்த மீகாமன் செய்ததைக் கேளுங்கள். வடமுனை மீன் அடிவானத்திற்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, நடுக்கோட்டிற்கு வடக்கே அத்தனை பாகையில் நாம் நிற்கிறோம். ஒரு பாகை, நிலத்தில் ஏறத்தாழ 111 கி.மீ. இதை அளக்க அவன் வைத்திருந்தது ஒரு சிறு மரப்பலகையும் முடிச்சிட்ட கயிறும், பெயர் இராப்பலகை. பலகையின் நடுவில் கோத்த கயிற்றின் முடிச்சைப் பல்லிற் கடித்துக் கயிறு விறைக்கப் பிடிப்பான். பலகையின் கீழ்விளிம்பு கடலைத் தொட, மேல்விளிம்பு விண்மீனைத் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைக்கு நேராக வந்துவிட்டான். ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு முடிச்சு. பிறகு கிழக்கிலோ மேற்கிலோ நேரே ஓடவேண்டியதுதான். சோழர் காலத்தில் இம்மீன் வடமுனையினின்று ஐந்து பாகைக்கும் மேல் தள்ளி நின்றது; ஆதலால் அன்றைய மீகாமன் அதன் சுற்றையும் கணக்கிட வேண்டியிருந்தது. இன்றோ அது ஒரு பாகையில் மூன்றில் இரண்டு பங்கு அளவே விலகி நிற்கிறது. அவனுக்குக் கடினமாக இருந்தது நமக்கு எளிதாகியிருக்கிறது. எளிதானபின் மறந்தோம்!

இதை நான் எந்தப் புலவரிடமிருந்து அறிந்தேன் என்கிறீர்கள்? காங்கிரீவு என்னும் ஆங்கிலப் படையலுவலரிடமிருந்து. சோழமண்டலக் கரைக் கடலோடிகள் கையாண்ட கருவிகளை அவர் கண்டு, 1850-இல் சென்னையில் வெளிவந்த ஆங்கில ஆய்விதழில் எழுதிவைத்தார். அப்போதும் அப்பலகை நம் மக்கள் கையில் உயிரோடு இருந்தது. அவர் எழுதியிராவிட்டால்?

‘கடலே இல்லாத மத்திகிரிக்கு இது எதற்கு?’ என்றார் அன்பர் ஒருவர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே, கன்னட எல்லையை ஒட்டி நாம் இருப்பது மெய்தான். ஆனால் நிலப்படத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். மத்திகிரியும் மாமல்லபுரமும் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவு. இரண்டும் பன்னிரண்டரைப் பாகைக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் இடையில் உள்ளன. மாமல்லபுரத்து மீகாமன் கண்ட உயரத்திலேயே அந்த மீன் நம் கூரைமேலும் நிற்கிறது.

சுறவத் திங்களில் சிறுவர் நால்வரோடு செய்து பார்த்தோம். 12 செ.மீ. உயரப் பலகை, கண்ணிலிருந்து ஏறத்தாழ 54 செ.மீ. தொலைவில் முடிச்சு. கோடியக்கரைக்கு என்றால் முடிச்சு இன்னும் 12 அல்லது 13 செ.மீ. தள்ளிப்போகும். நமக்குக் கடல்விளிம்பு கிடையாதே! கொத்தனாரின் நீர்க்குழாய் மட்டத்தை வாங்கி, எங்கள் கண்மட்டத்திற்கு எதிர்ச்சுவரில் கரிக்கோடு இழுத்தோம், அதுவே அடிவானம். மீன் மேல்விளிம்பில் வந்து உட்கார்ந்தது. பிறகு அதே பலகையோடு மாமல்லபுரம் சென்றோம். கரையில் நின்றால் வடக்கே நிலம் மறைக்கும். மீனவர் ஒருவர் தம் படகில் மூன்று கி.மீ. அளவு கடலுக்குள் கொண்டு சென்றார். நிலவொளியில் விளிம்பு தெரிந்தது. படகு ஆட, பலகை ஆட, இரண்டு பையன்கள் வாந்தியெடுக்க, நால்வருள் கெட்டிக்காரன் மட்டும் முடிச்சைக் கடித்தபடியே கைகாட்டினான். அதே முடிச்சு! மீனவப் பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘எங்க பாட்டன் கையை நீட்டி விரலால பார்ப்பாரு’ என்றார். தமக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

அந்த ‘எனக்குத் தெரியாது’ என்பதில்தான் என் சினமெல்லாம் இருக்கிறது. அவாயித் தீவினர்க்கும் இந்நிலை வந்தது. தம் முன்னோர் வழியில் விண்மீன் பார்த்துக் கலம் செலுத்த அவர்களுள் ஒருவரும் எஞ்சவில்லை. அவர்கள் கூட்டம் போட்டுக் கைதட்டவில்லை. சாத்தவால் என்னும் சிறு தீவிலிருந்து மவு பியாய்லுக் என்பவரை அழைத்துவந்து, 1976-இல் ஓக்குலேயா என்னும் கலத்தைக் கருவியின்றித் தாகித்தி வரை ஓட்டினர். நான்கே ஆண்டில், 1980-இல், அவாயியின் மகன் நைனோவா தாம்சன் தானே வழிகண்டு ஓட்டினார்.

செயற்கைக்கோள் இருக்கப் பலகை எதற்கு என்பார் உளர். செயற்கைக்கோள்களை ஏவிய அமெரிக்காவே தன் கடற்படைக் கல்லூரியில் கைவிட்ட விண்மீன் பயிற்சியை 2015-இல் மீட்டுக்கொண்டது. கோள்வழிச் செய்தியைப் பகைவன் கெடுக்கக்கூடும் என்ற அச்சமே கரணியம். நுண்ணிய மணிப்பொறிகள் ஓசூரில் செய்யப்படுகின்றன. கிழக்கு மேற்கு இருப்பை அறிய அப்பொறி வேண்டும். வடக்கு தெற்கு அறிய அதுகூட வேண்டா.

இதற்கிடையில் வானமே பறிபோகிறது. வடக்கே ஓசூர்த் தொழிற்சாலைகள், வடமேற்கே பெங்களூரு. இரண்டின் வெளிச்சமும் தாழ நிற்கும் அம்மீனை ஆண்டுதோறும் விழுங்கிவருகின்றன. 1824-இல் ஆங்கிலேயர் குதிரைகளுக்கென அமைத்த பண்ணை இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. அதன் ஓரத்தில் கொஞ்சம் இருள் எஞ்சியுள்ளது. காரிக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு அங்கே கூடுகிறோம். பலகையும் கயிறும் நாங்கள் தருவோம். கண்ணும் பல்லும் நீங்கள் கொண்டுவருக. அந்தப் பேச்சாளர்க்கும் அழைப்பு விடுத்தோம். மறுமொழி இன்னும் வரவில்லை.