முதுகெலும்பு யாருடைய உடலில்?

தங்கவயல் தொழிலாளர்களை நாட்டின் முதுகெலும்பு என்று புகழாத மேடை இல்லை. அந்தப் புகழ்ச்சியை நான் மறுக்கிறேன்.

இது ஆங்கிலத்திலிருந்து வந்த வழக்கு, ஆகவே விலக்குக என்பர் தனித்தமிழ் நண்பர்கள். என் மறுப்பு அதுவன்று. தங்கவயலை அடுத்த பூதிகோட்டையில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. ஆதரவைக் கன்னடம் 'பெம்பல' என்கிறது; 'பென்' முதுகு, 'பல' வலிமை. தெலுங்கு 'வென்னுதன்னு' என்கிறது. 'வென்னு' என்பதும் முதுகே. முதுகைக் குறிக்கும் 'வெந்', 'வெரிந்' என்னும் நம் பழஞ்சொற்கள் இவற்றின் உடன்பிறப்புகள். முதுகைத் துணையாகக் காண்பது நம் மொழிக்குடும்பத்துக்கு அயலானதன்று.

கேள்வி வேறு: அந்த உறுப்பு யாருடையது? 'தோள் கொடுத்தான்', 'கை கொடுத்தாள்' என்னும்போது உறுப்பு கொடுப்பவருக்கே உரியது. அவரே எழுவாய், கொடுக்கவும் மறுக்கவும் உரியவர். காலைக் குறிக்கும் 'தாள்' முயற்சியைக் குறித்து, 'தாளாண்மை' ஆனபோதும் பெருமை முயன்றவருக்கே சேர்ந்தது. 'நாட்டின் முதுகெலும்பு' என்றதும் தொழிலாளி பிறர் உடலின் ஓர் உறுப்பாகிவிடுகிறார். எலும்பிடம் எவரும் இசைவு கேட்பதில்லை. அதற்குக் கூலி கொடுப்பதுமில்லை.

1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து தமிழர் பலர் அங்கே சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறை வெடித்துச் சிதறி உயிர் பறித்தது. சிலிக்காத் தூசி நுரையீரலைத் தின்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

உவமை மெய்யாயின், முதுகெலும்பை இழந்த நாடு அன்றே சரிந்திருக்க வேண்டும். நாடு சரியவில்லை. சரிந்தவை தொழிலாளர் குடும்பங்களே. விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்கின்றனர் அவர்தம் பிள்ளைகள்.

ஆகவே, மேடையேறும் நண்பர்களே, அவர்களை எலும்பு என்னாதீர். தோள் கொடுத்தவர்கள் என்று சொல்லுங்கள். எலும்புக்கு யாரும் கடன்படுவதில்லை. கொடுத்தவருக்கோ திருப்பிச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அதற்கும் உடலிலிருந்தே ஒரு சொல்லை நம் மொழி எடுத்து வைத்திருக்கிறது: கைம்மாறு.