கரும்பாலை அடுப்பும் வீணாகும் உஷ்ணமும்

விருத்தாசலம் நகரம் பழமலைநாதர் ஆலயத்தினாலும் ரயில் சந்திப்பினாலும் பெயர் பெற்றிருப்பது போலவே பீங்கான் தொழிலினாலும் பெயர் பெற்றது. பொம்மைகளும், மின்சாரச் சாமான்களுக்குரிய பீங்கான் உறுப்புகளும் அங்குள்ள சூளைகளில் வெந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன. அத்தொழிலைக் கற்பிப்பதற்கென்றே அரசினர் கல்வி நிலையம் ஒன்றும் அந்நகரில் உண்டு. சூளை வைத்துப் பிழைப்பவருக்கு எரிபொருட் செலவே பெருஞ்செலவு. ஆகையால் தீ எவ்வழி புகுகிறது, எங்கே திரும்புகிறது, என்ன சூட்டோடு புகைபோக்கியை அடைகிறது என்பவற்றை அவர் கவனித்தே தீரவேண்டும். அந்நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கரும்பு பயிரிட்டு வெல்லம் காய்ச்சும் குடியானவரோ, தம் அடுப்பைப் பற்றி அவ்வாறு சிந்திப்பது அரிது. ஆலை இயந்திரம் பழுதானால் அன்றே ஆள் அனுப்புவார். அடுப்பு பாதி உஷ்ணத்துக்கு மேல் ஆகாயத்தில் விட்டுக்கொண்டிருந்தால் அது அவர் கண்ணில் படுவதில்லை.

இது சிறு விஷயமன்று என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அறியலாம். நூறு கிலோ கரும்பைக் கிராமத்து ஆலையில் பிழிந்தால் ஏறக்குறைய 60 கிலோ சாறும் 40 கிலோ ஈரச் சக்கையும் கிடைக்கும். சாற்றில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு இனிப்பும் பிற திடப்பொருள்களும் இருப்பதாகக் கொண்டால், வெல்லமாக எஞ்சுவது சுமார் 11 கிலோ. எஞ்சிய 48 கிலோ நீர் ஆவியாகப் போகவேண்டும். அறுபது கிலோ சாற்றை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 3,800 கிலோ கலோரி போதும். ஆனால் கொதிநிலையை அடைந்தபின், சூடு ஒரு டிகிரிகூட ஏறாமலே, ஒவ்வொரு கிலோ நீரும் ஆவியாவதற்கு 540 கிலோ கலோரியை விழுங்குகிறது. இவ்வாறு ஆவியினுள் மறைந்து நிற்கும் உஷ்ணத்தை ஜோசப் பிளாக் என்பவர் 1760-களில் கிளாஸ்கோ நகரில் அளந்து காட்டினார். 48 கிலோ நீருக்கு அது 26,000 ஆகிறது. இரண்டும் சேர்த்து 30,000 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி வரவைப் பார்க்க வேண்டும். நாற்பது கிலோ ஈரச் சக்கையை வெயிலில் நன்றாக உலர்த்தினால் சுமார் 20 கிலோ நிற்கும். உலர்ந்த சக்கை கிலோவுக்கு 3,750 கிலோ கலோரி வீதம் 75,000 கொடுக்கும். தேவை முப்பதாயிரம், வரவு எழுபத்தையாயிரம்! அதாவது நூறு பங்கில் நாற்பதை மட்டும் சாற்றுக்குள் செலுத்தும் அடுப்பாக இருந்தால், சக்கையைத் தவிர ஒரு துண்டு விறகும் வேண்டியதில்லை. கால் பங்கை மட்டும் பிடிக்கும் அடுப்பில், டன் கரும்புக்கு ஏறக்குறைய 130 கிலோ விறகு மேற்கொண்டு தேவைப்படும். பாதியைப் பிடிக்கும் அடுப்பிலோ, டன்னுக்கு 40 கிலோ சக்கை மிஞ்சும். முந்திரித் தோப்பில் கழித்த கட்டைகளும் வேலியோரத்து வேலிகாத்தானும் ஆலைக்கு வண்டி வண்டியாக வருவதன் காரணம் சக்கை போதாமை என்று கூறுவது வழக்கம். சக்கை போதாமலில்லை, அடுப்பு பிடிக்கவில்லை.

உஷ்ணம் எங்கே தடைப்படுகிறது என்பதைப் பற்றித் தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. கொப்பரை தடித்தது என்பார் ஒருவர். இரும்பை விட்டுச் செம்பு வாங்கினால் விறகு மிச்சமாகும் என்பார் மற்றொருவர். தீயிலிருந்து சாற்றுக்குள் செல்லும் உஷ்ணம் மூன்று வாயில்களைக் கடக்கவேண்டும்: அனற்காற்றிலிருந்து கொப்பரையின் அடிக்கு, அடித்தகட்டின் ஊடே, தகட்டிலிருந்து சாற்றுக்கு. சாறு கொதிக்கும்போது குமிழிகள் எழுந்தெழுந்து அதைக் கலக்குவதால், அது உஷ்ணத்தை வெகு விரைவாக ஏற்கிறது. இவ்வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்றும், அதைக் கடந்தால் தகட்டின் மேல் ஆவிப் படலம் மூடிக்கொள்ளும் என்றும் ஜப்பானியரான நுகியாமா 1934-ல் சோதித்துக் காட்டினார். கிராமத்து அடுப்பு அவ்வெல்லையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடும் தடையென்று சொல்லத்தக்க தடையன்று. அனற்காற்றுதான் மந்தமானது. இன்ஜினீயர்கள் போடும் கணக்கின்படி மொத்தத் தடை நூறு பங்கு என்றால், அனற்காற்றின் பக்கம் சுமார் 98, கொதிக்கும் சாற்றின் பக்கம் 1. இரும்பின் தடை கால் பங்குக்கும் குறைவு. தீயின் நேரான ஒளி படும் இடத்தில் முதல் எண் சற்றுக் குறையலாம். ஆனால் இரும்பைச் செம்பாக மாற்றுவதால் மீதமாவது அந்தக் கால் பங்கிலும் ஒரு பகுதியே. அப்பணத்தை வேறிடத்தில் போடுவதே உசிதம்.

வேறிடம் என்பது அனற்காற்று போகும் வழி. ஒற்றைக் கொப்பரை அடுப்பில் அது கொப்பரையின் அடியை ஒருமுறை தொட்டுவிட்டு, பல நூறு டிகிரி சூட்டோடு வெளியேறிவிடுகிறது. கொப்பரைச் சாறு கொதிப்பது 100 டிகிரிக்குச் சற்று மேல். அதைவிடச் சூடான காற்று எதுவும் இன்னும் வேலை செய்யும் திறனுடையது. அது போகும் கால்வாயின் மேல் இரண்டாவது கொப்பரையொன்றை அமர்த்திப் பச்சைச் சாற்றை அதில் ஊற்றினால், எறிந்துவிட்ட உஷ்ணம் மறுபடி கைக்கு வரும். குளிர்ந்த சாறு தீயிலிருந்து தூரத்திலும், காய்ந்த சாறு தீக்கு அருகிலும் இருக்கவேண்டும் என்பது விதி. போகிற காற்றும் வருகிற சாறும் எதிரெதிராகச் செல்வதால் கடைசிச் சூடும் பயன்படுகிறது. இரண்டாவது கொப்பரை சாற்றைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதோடு நின்றாலும் எட்டில் ஒரு பங்கு மிச்சம். அதுவும் கொதித்துச் சிறிது நீரை ஓட்டினால் மிச்சம் இன்னும் அதிகம். தவிரவும், அங்கேயே வெண்டைச் செடிச் சாறு விட்டு அழுக்கை எடுத்துவிட்டால், பெரிய கொப்பரைக்குத் தெளிந்த சாறு வரும். லக்னோவில் 1952-ல் நிறுவப்பட்ட இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இவ்வாறான இரட்டைக் கொப்பரை, மூன்று கொப்பரை அடுப்புகளை வகுத்திருக்கிறது. கொப்பரையின் அடியில் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்து, அனற்காற்று தொடும் பரப்பைப் பெருக்கும் முறையும் சோதிக்கப்பட்டுள்ளது. மந்தமான பக்கத்தின் பரப்பைப் பெருக்குவதால் இது நியாயமான முறையே.

சர்க்கரை ஆலைகள் இதைவிட மிகவும் மேலே சென்றிருக்கின்றன. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த நார்பர்ட் ரில்லியோ 1843-லும் 1846-லும் பெற்ற காப்புரிமைகளின்படி, ஒரு கலத்தில் எழும் ஆவி வெளியே விடப்படாமல் அடுத்த கலத்தின் குழாய்களில் குளிர்ந்து நீராகிறது. குளிரும்போது தான் விழுங்கிய 540-ஐயும் திருப்பித் தருகிறது. அடுத்த கலத்தில் காற்றழுத்தம் குறைக்கப்பட்டிருப்பதால் அங்குள்ள சாறு குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. இவ்விதம் மூன்று கலம் வைத்தால் ஒரு கிலோ நீராவி ஏறக்குறைய மூன்று கிலோ நீரை ஓட்டிவிடும். நெல்லிக்குப்பம் முதலிய இடங்களில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் சென்ற குடியானவர்கள் வரிசையாக நிற்கும் அந்த உயர்ந்த கலங்களைப் பார்த்திருக்கக் கூடும்.

அதைக் கண்டு, கொப்பரையின் மேல் மூடி போட்டு ஆவியைப் பிடிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நல்ல கேள்வி. ஆனால் திறந்த கொப்பரைக்கு அது ஏற்காது. அங்கே எழும் ஆவியோடு வெளிக்காற்று கலந்துவிடுகிறது. குளிர்ந்த தகட்டின்மேல் ஆவி நீராகப் படியும்போது, கலந்த காற்று அங்கேயே தங்கிப் போர்வை போல் மூடி, பின்வரும் ஆவியைத் தடுத்துவிடும். சர்க்கரை ஆலைகளிலும் அக்காற்றை வெளியேற்றத் தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். காற்றுப் புகாத கலம், வெற்றிடப் பம்பு, இடைவிடாத குளிர்நீர் ஆகியவை இன்றி ஆவியைப் பிடிக்க முயல்வது பண நஷ்டம். கிராமத்து ஆலைக்கு ஏற்றது புகைவழியைப் பிடிப்பதே.

இரண்டாவது கொப்பரைக்கு முன்பே, செலவில்லாமல் செய்யத்தக்கவை இரண்டுண்டு. ஈரச் சக்கையை அவசரத்தில் அடுப்பில் தள்ளுவது பெருந்தவறு. நாற்பது கிலோ ஈரச் சக்கைக்குள் இருக்கும் இருபது கிலோவுக்கு மேற்பட்ட நீரை ஆவியாக்கவே 12,000 கிலோ கலோரிக்கு மேல் செலவாகிறது. தீயும் மங்கி, புகை பெருகுகிறது. இரண்டொரு நாள் வெயிலில் பரப்பி, பனியில் நனையாமல் குவித்து வைப்பதற்குக் களத்தில் இடம் ஒதுக்கவேண்டும். மற்றொன்று கரி. கொப்பரையின் அடியில் ஒரு மில்லிமீட்டர் கரி படிந்தால், அது மூன்று மில்லிமீட்டர் இரும்பைவிட நூறு மடங்குக்கு மேல் தடுக்கும். உள்ளே பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்து, வெளியே கரியை வருஷக்கணக்கில் வளரவிடும் வழக்கம் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து ஆலைக்கு வந்தது போலும்.

இரட்டைக் கொப்பரைக்குக் காய்ச்சுகிறவர்கள் சொல்லும் ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. பாகு இறுகி 118 டிகிரியை நெருங்கும்போது அது தடித்து, குமிழிகள் மெதுவாக எழுகின்றன. அப்போது சாற்றின் பக்கத்துத் தடையும் ஏறி, அடிபிடித்து வெல்லம் கறுக்கும். அந்நேரத்தில் தீயைத் தணித்தாக வேண்டும். தீ ஒன்று, கொப்பரை இரண்டு என்றால், ஒன்றைத் தணிக்கும்போது மற்றதும் ஆறிவிடும் என்பது அவர்கள் வாதம். உண்மையே. ஆயினும் அது சில நிமிஷங்களுக்கே. அடுத்த கொப்பரைக்கு வேண்டிய சாறு அதற்குள் சூடேறித் தயாராக இருக்கும். பாகைப் பதம் பார்க்கும் ஆளுக்குப் பக்கத்தில் இரண்டாவது கொப்பரையைக் கவனிக்க ஒருவர் வேண்டும் என்பதும் மெய். விறகு வெட்டி ஏற்றி வரும் கூலி மிச்சமாகும்போது அந்தக் கூலியைக் கொடுக்க முடியும்.

இதில் கிராம அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் செய்யத்தக்கது உண்டு. ஒவ்வொரு குடியானவரும் தனித்தனியாக அடுப்பு மாற்றத் துணியமாட்டார். ஆலை பலருக்குப் பொதுவாக ஓடும் கிராமத்தில் ஓர் அடுப்பை மாற்றிக் காட்டி, ஒரு பருவம் முழுவதும் எரித்த சக்கையையும் விறகையும் நிறுத்துக் கணக்கு எழுதி வைத்தால், பக்கத்துக் கிராமத்தார் தாமே வந்து பார்ப்பார்கள். அடுப்பு கட்டுவதற்கு வெகுதூரம் ஆள் தேடவேண்டியதில்லை. தீச்செங்கல் அடுக்கவும், புகைவழியின் அகலத்தை அளவறிந்து குறுக்கவும், புகைபோக்கியில் இழுப்பைத் தணிக்கும் தகடு வைக்கவும் தெரிந்த சூளைக் கொத்தர்கள் விருத்தாசலத்திலேயே இருக்கிறார்கள். தை பிறந்து ஆலை ஓடத் தொடங்கிவிட்டால் அடுப்பில் கைவைக்க இயலாது. புதிய கட்டடம் நன்றாக உலர ஒரு மாதமாவது வேண்டுமாகையால், கார்த்திகைக்குள் கொத்தரைப் பேசி வைத்துவிட வேண்டும்.