வெயிலும் விளக்கும்

மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தை மாடுகளும் நிழல் நாடும் கத்திரி வெயில் இருக்க, ஆஸ்திரேலியப் பாலைவாசியான தாடி ஓணானுக்குப் புற ஊதா விளக்கு எதற்கு என்று நண்பர் வினவுகிறார். உஷ்ணத்தையும் கிரணத்தையும் ஒன்றெனக் கொண்டதே அவர் வாதத்தின் தோஷம். ஜன்னல் கண்ணாடியூடே வரும் வெயில் உடலைச் சுடுமேயன்றி, சருமத்தில் டி3 ஜீவசத்தை உண்டாக்கும் புற ஊதா 'பி' கிரணத்தைக் கண்ணாடியே தடுத்துவிடுவதால், சுண்ணாம்புச்சத்து சேராமல், எலும்பு மெலிந்து, தாடை மிருதுவாகி, அவ்வாயில்லா ஜீவன் நடுங்கி மடிகிறது. உஷ்ணத்தைப் பொறுத்தவரை அதற்கு வேண்டியது, 40 பாகை செல்சியஸ் சூடேறிய கல் ஒரு கோடியிலும், 25 பாகைக் குளிர்ச்சி மறுகோடியிலுமாக, தானே நகர்ந்து தேகவெப்பத்தைச் சீராக்கிக்கொள்ளத்தக்க கூண்டு. நம் கோடையில் அக்குளிர்ந்த கோடியை அமைப்பதே கடினம். கம்பிக்கூண்டில், நிழலோடு, காலை வெயிலில் வைக்கலாமென்றால் மனமார உடன்படுகிறேன்; ஆயின் ஐப்பசி அடைமழையில் அவர் என்ன செய்வார்?