ஜனாதிபதி ஏற்க மறுத்த கடிதம்

1965-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி. டெல்லியில் ஒரு மந்திரி, பிரதம மந்திரி லால்பகதூர் சாஸ்திரிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். மந்திரி பதவி வேண்டாம் என்பதே கடிதத்தின் சாரம்.

அவர் சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்துக்காரர். நாட்டுக்கே சோறு போடும் உணவு இலாகா அவர் கையில் இருந்தது. அவருடன் இன்னொரு தமிழ்நாட்டு மந்திரி ஓ. வி. அளகேசனும் ராஜினாமா கொடுத்தார்.

ஏன் இந்த ராஜினாமா?

அந்த ஆண்டு ஜனவரி 26-ந் தேதி முதல் இந்தி முதன்மை ஆட்சிமொழி ஆனது. தமிழ்நாடு கொதித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. சிலர் தீக்குளித்து மாண்டார்கள்.

இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலமும் இருக்கும் என்று 1959-ல் நேரு பார்லிமெண்டில் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் 1963-ல் வந்த சட்டம் ஆங்கிலத்தைப் பயன்படுத்தலாம் என்றுதான் சொல்லியது. "லாம்" என்பது வேறு, "வேண்டும்" என்பது வேறு அல்லவா? கடன் பத்திரத்தில் "திருப்பித் தரலாம்" என்று எழுதியிருந்தால் யார் பணம் கொடுப்பார்கள்? நேருவும் 1964-ல் மறைந்துவிட்டார். வாக்கைச் சட்டமாக்குங்கள் என்று தமிழ்நாடு கேட்டது.

ராதாகிருஷ்ணன் செய்தது

மந்திரிகளின் ராஜினாமா, பிரதமர் வழியாக ஜனாதிபதிக்குப் போகும். ஏற்றுக்கொள்ளலாம் என்று சாஸ்திரி சிபாரிசு செய்தார். ஜனாதிபதி ராதாகிருஷ்ணனோ ஏற்க மறுத்தார். அவர் திருத்தணியில் பிறந்தவர். சென்னையில் படித்தவர். தெற்கின் மனம் அவருக்குத் தெரியும்.

பிரதமர் சொல்வதை ஜனாதிபதி மறுக்கலாமா? மரபுப்படி மறுப்பது அபூர்வம். ஆனால் அவர் பிரதமரோடு மல்லுக்கு நிற்கவில்லை. மறுபடி யோசிக்க வழி செய்தார். அது மீறல் அல்ல, மூத்தவர் சொல்லும் புத்தி என்றே கொள்ள வேண்டும்.

அன்று இரவே சாஸ்திரி ரேடியோவில் பேசினார். நேருவின் வாக்குக் காப்பாற்றப்படும் என்றார். ராஜினாமாக்கள் வாபஸ் ஆயின.

பொள்ளாச்சியில் ரத்தம்

ஆனால் டெல்லியின் சமாதானம் ஊருக்கு வந்து சேரவில்லை. மறுநாள், பிப்ரவரி 12-ந் தேதி, சுப்பிரமணியத்தின் சொந்தப் பகுதியான பொள்ளாச்சியிலேயே துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் மாண்டார்கள். எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒரே கணக்கு இல்லை.

பதவியில் நீடித்த சுப்பிரமணியம் விதைப் பக்கம் திரும்பினார். 1966-ல் மெக்சிகோவில் இருந்து 18 ஆயிரம் டன் கோதுமை விதை வந்து இறங்கியது. பசுமைப் புரட்சிக்கு அதுவே பெரிய தொடக்கம். அன்று அந்தக் கடிதம் ஏற்கப்பட்டிருந்தால், இந்த வேலையை முன்நின்று நடத்த அவர் இருந்திருக்க மாட்டார்.

நேருவின் வாக்கு சட்டத்தில் ஏற 1967 டிசம்பர் வரை ஆயிற்று. அப்போது சுப்பிரமணியம் மந்திரியும் இல்லை, எம்.பி.யும் இல்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றுப் போயிருந்தார்.