சம்பளத்தைத் தின்னும் பேதி

"நேற்று ஏன் வேலைக்கு வரவில்லை?" என்று கேட்டால், "வயிறு சரியில்லை, தோழர்" என்று பதில் வருகிறது. மில் கேட்டிலும் சரி, நடவு வயலின் வரப்பிலும் சரி, நாம் அடிக்கடி கேட்கும் பதில் இது. கேட்டவுடன் மறந்தும் விடுகிறோம். காலரா என்றால் ஊரே அலறுகிறது. சர்க்கார் ஜீப் வருகிறது. தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவப்படுகிறது. சாதாரண வயிற்றுப்போக்கு என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'தானே வந்தது, தானே போகும்' என்று விட்டுவிடுகிறோம்.

தானே போகாத பேதியும் உண்டு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

நமக்குத் தெரிந்த ரிங் பிரேம் தொழிலாளி ஒருவர். பதலி. ஒரே மாதத்தில் ஒன்பது நாள் வேலையை இழந்தார். காய்ச்சல் இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை. ஆனால் சாப்பிட்டால் வயிறு உப்பிக் கொள்ளும். அழுகிய முட்டை வாடையில் ஏப்பம் வரும். எண்ணெய் கலந்தது போல, தாங்க முடியாத நாற்றத்துடன் பேதியாகும். இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள் மறுபடியும் தொடங்கும். மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவார். சற்றுக் குறைந்ததும் விட்டுவிடுவார். "குடியைக் குறை, எல்லாம் சரியாகும்" என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தத் தொழிலாளி குடிக்கிறவரே அல்ல!

வீட்டிலே இரண்டு வயதுக் குழந்தைக்கும் இதே கதை. கை கால் சூம்பி, வயிறு மட்டும் துருத்திக் கொண்டிருந்தது. "பல்லு மொளைக்குது தம்பி, அதான் போகுது" என்றார் பாட்டி. உரம் விழுந்ததென்று ஒருமுறை உரமும் எடுத்தாகி விட்டது. கடைசியில் ஆஸ்பத்திரியில் மூன்று வெவ்வேறு நாட்கள் மலத்தைச் சோதித்த பிறகு விடை கிடைத்தது. அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே வியாதி. பல்லும் இல்லை, உரமும் இல்லை, குடியும் இல்லை. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி.

துணி வியாபாரி கண்ட கிருமி

இந்தக் கிருமியை முதன்முதலில் பார்த்தவர் பெரிய வைத்தியர் அல்ல. ஹாலந்து நாட்டின் டெல்ப்ட் நகரத்தில் துணி வியாபாரம் செய்த லேவன்ஹூக் என்பவர். துணியின் நூலைப் பரிசோதிக்க வியாபாரிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள் அல்லவா? அவர் தம் கையாலேயே அதைவிடப் பன்மடங்கு சக்தியுள்ள கண்ணாடிகளைத் தேய்த்துச் செய்தார். 1681ஆம் ஆண்டு தமக்குப் பேதியானபோது தம் மலத்தையே அதன் அடியில் வைத்துப் பார்த்தார். சின்னஞ்சிறு பிராணிகள் துள்ளி நீந்துவதைக் கண்டு எழுதி வைத்தார். 1859இல் பிராக் நகரத்து மருத்துவர் லாம்பல் அதை விவரமாக வரைந்து காட்டினார்.

இந்தக் கிருமி சிறுகுடலின் மேற்பகுதியில் குடியிருக்கிறது. பேரிக்காய் வடிவம், அடியில் உறிஞ்சும் தட்டு போன்ற ஓர் உறுப்பு. அதைக் கொண்டு குடலின் உட்சுவரில் ஒட்டிக் கொள்கிறது. குடலைத் துளைத்து ரத்தத்தில் புகுவதில்லை. ஆனால் கொழுப்பும் சத்தும் உடம்பில் சேராமல் கெடுக்கிறது. சேராத கொழுப்புத்தான் எண்ணெய்ப் பேதியாக வெளியேறுகிறது. உழைத்த கூலியில் வாங்கிய சோறு உடம்பில் சேரவில்லை என்றால் அது எத்தனை பெரிய நஷ்டம்! பெரியவர் இளைக்கிறார், வேலையில் கை ஓயாது என்றிருந்தவருக்குக் கை ஓய்ந்து போகிறது. குழந்தையோ வளர்ச்சி குன்றிப் போகிறது.

குடலிலிருந்து வெளியேறும்போது இது தன்னைச் சுற்றி ஒரு கெட்டியான உறையைக் கட்டிக் கொள்கிறது. நூறு உறைகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். ஒரு பஞ்சு இழையின் பருமனைவிடப் பெரிதல்ல. ஆகவே வேட்டித் துணியில் தண்ணீரை வடிகட்டினால் போதும் என்று நினைப்பது வீண். நோயாளி ஒருவரின் மலத்தில் ஒரே நாளில் இப்படிப்பட்ட உறைகள் கோடிக்கணக்கில் வெளியேறக்கூடும். குளிர்ந்த தண்ணீரில் அவை பல வாரங்கள் உயிரோடு கிடக்கும்.

எத்தனை உறை வயிற்றுக்குள் போனால் நோய் பற்றும்? 1954இல் அமெரிக்காவில் சிறைக் கைதிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையில், பத்து உறைகளே போதும் என்று தெரிந்தது. கைதியின் வயிற்றைச் சோதனைச் சாலையாக்கிய நியாயத்தை வேறொரு நாள் பேசுவோம். இப்போது நமக்கு வேண்டிய பாடம் இதுதான்: ஒரு நகத்தின் இடுக்கில் ஒட்டிய அழுக்கு ஒரு குடும்பத்துக்கே போதும். உள்ளே போனதும் உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் பேதி தொடங்கும். அதனால்தான் எந்தத் தண்ணீரில் வந்தது, எந்தக் கையில் வந்தது என்று யாராலும் நினைவுபடுத்திச் சொல்ல முடிவதில்லை. சிலருக்கு எந்தத் தொந்தரவும் இராது. ஆனால் அவர்களும் பிறருக்குப் பரப்புவார்கள்.

குளோரின் மட்டும் போதாது

"தொட்டியில் குளோரின் போட்டாகி விட்டது" என்று அதிகாரிகள் பதில் சொல்லுவார்கள். குளோரின் அவசியம்தான், காலராவையும் டைபாய்டையும் அது தடுக்கிறது. ஆனால் ஜியார்டியாவின் உறை வழக்கமான அளவு குளோரினுக்கு எளிதில் சாகாது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தின் ரோம் நகரில் 1974-75இல் ஏறத்தாழ 5000 பேருக்கு இந்தப் பேதி பரவிற்று. அங்கே குடிநீரில் குளோரின் இருந்தது. வடிகட்டும் ஏற்பாடு இல்லை. 2004இல் செல்வம் கொழிக்கும் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள். கசிந்த சாக்கடைக் குழாய் குடிநீர் ஏரியில் கலந்தது. அங்கும் குளோரினை மட்டுமே நம்பியிருந்தார்கள்.

இன்னொன்றையும் நாம் மறைக்கத் தேவையில்லை. 1970களின் தொடக்கத்தில் லெனின்கிராட் நகரத்துக்குப் போய்த் திரும்பிய வெளிநாட்டுப் பயணிகள் பலருக்கு இதே வியாதி வந்தது. குழாய்த் தண்ணீரே காரணம் என்று கருதப்பட்டது. கிருமி கொடியின் நிறத்தைப் பார்ப்பதில்லை. குழாயும் வடிகட்டும் மணற்படுகையும் ஒழுங்காக இருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறது. நாம் ஆதரித்த நாடானாலும் தண்ணீர் கெட்டால் கெட்டதுதான்.

யார் குற்றம்?

இதில் இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. இரண்டும் தவறு என்பது நம் கருத்து.

ஒன்று, மேலே உள்ளவர்கள் சொல்லுவது: "இந்த ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது. கையைக் கழுவினால் வியாதி ஏன் வருகிறது?" கழுவத் தண்ணீர் எங்கே என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். பத்து நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற தெருவில் ஒரு குடத்தைச் சோற்றுக்கு வைப்பதா, கை கழுவ வைப்பதா? ஊர்த் தெருவுக்குக் குழாய், காலனிக்கு வாய்க்கால் என்று இருக்குமிடத்தில் யாருக்குச் சுத்தத்தைப் போதிப்பது? கழிப்பறை கட்டியதாகக் கணக்கு இருக்கிறது. உள்ளே தண்ணீர் இல்லாததால் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்கிறார்கள். காய்ச்ச எரியும் கேஸுக்குக் கூலியில் ஒரு பங்கு போகிறதே!

தொழிற்சாலைக்குள் என்ன நிலைமை? குடிநீர் வைக்கும் இடம் கக்கூசிலிருந்தும் கழுவுமிடத்திலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் 'குடிநீர்' என்று எழுதியிருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 18வது பிரிவில் எழுதிற்று. சட்டப் புத்தகங்கள் மாறுகின்றன. அந்தப் பிரிவை எழுதிய காலத்திலிருந்து இன்றுவரை, கக்கூஸ் சுவரை ஒட்டியே குடிநீர்க் குழாய் இருக்கும் ஆலைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது அபிப்பிராயம் நம் தோழர்களிடமே இருக்கிறது: "சமுதாயம் மாறினால் எல்லாம் மாறும். அதுவரை கை கழுவச் சொல்லுவதெல்லாம் சீர்திருத்தவாதம்." கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அதுவரை குழந்தை காத்திருக்குமா?

வேலூரில் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஏழைக் குடியிருப்புக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். சில குடும்பங்களுக்குச் சுத்திகரித்து அடைத்த குடிநீர் கொடுக்கப்பட்டது. பேதியை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி அந்தக் குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை என்று 2013இல் வெளியான ஆய்வில் கூறினார்கள். குடிக்கும் தண்ணீர் சுத்தமாக இருந்தும் கை, பாத்திரம், தரை, தெருச் சாக்கடை ஆகியவை அப்படியே இருந்தால் நோய் வேறு வழியில் வந்துவிடுகிறது. ஆகவே குழாய்க்கான போராட்டமும் வேண்டும், வீட்டுக்குள் மாற்றமும் வேண்டும். ஒன்று மற்றதற்குப் பதிலாகாது.

முதலில் நம்மைத் திருத்துவோம்

சுயவிமர்சனமாக ஒன்றைச் சொல்லுகிறோம். முனிசிபாலிடி முன்னால் குடிநீருக்காக மறியல் செய்துவிட்டு நம் சங்க அலுவலகத்துக்குத் திரும்பினோம். அங்கே பானைக்கு மூடி இல்லை. வந்தவர்களெல்லாம் டம்ளரைக் கையோடு உள்ளே விட்டு மொண்டு குடித்தார்கள். நாமும் குடித்தோம். பிறகு டீக்கடைக்குப் போனோம். காலையில் பிடித்த ஒரே வாளித் தண்ணீரில் ஐம்பது டம்ளர் முங்கி எழுந்தன. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது அலுவலகப் பானைக்கு மூடியும், நீண்ட கைப்பிடி வைத்த அகப்பையும் வந்துவிட்டன. செலவு பெரிதல்ல; வெட்கந்தான் பெரிதாக இருந்தது.

வீட்டில் செய்யக்கூடியவை இவை. குடிநீர் தளதளவென்று கொதித்த பின்னும் ஒரு நிமிஷம் கொதிக்கட்டும்; இந்தக் கிருமி செத்துவிடும். எல்லோருக்கும் காய்ச்ச முடியாவிட்டால் குழந்தைக்கும் நோயாளிக்குமாவது காய்ச்சுங்கள். வெளிக்குப் போய் வந்த பிறகும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், சோறு ஆக்குமுன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற எண்ணத்தை விடுங்கள். அதில்தான் உறைகள் மிகுதி. அதைச் சாக்கடையில் வீசாமல் கக்கூசில் போடுங்கள், இல்லாவிட்டால் ஆழமாகப் புதையுங்கள். கக்கூஸ் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும்.

நோய் வந்துவிட்டால் பேதியை விடப் பெரிய ஆபத்து உடம்பில் நீர் வற்றுவது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல்தானே என்று அலட்சியம் வேண்டாம். 1971இல் வங்கதேச அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் இப்படிப்பட்ட கரைசலைக் கொண்டே எத்தனையோ காலரா நோயாளிகளைப் பிழைக்க வைத்தார். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கஞ்சியையும் நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை கேட்டு வாங்கி, சொன்ன நாள் வரை கொடுங்கள்.

பேதி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் மலத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கிருமி எல்லா நாளும் வெளிப்படாது. ஆகவே ஒரு நாள் சோதனையில் தெரியாவிட்டால் மறுநாளும் கேளுங்கள். ரத்தமோ சீதமோ போனாலும், குழந்தை கண் குழிந்து சோர்ந்து கிடந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். ஜியார்டியாவுக்கு மெட்ரோனிடசோல், டினிடசோல் போன்ற மருந்துகள் உண்டு, விலை அதிகமில்லை. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். அந்த நாட்களில் சாராயம் கூடாது. கர்ப்பிணிகள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களையும் சோதிக்கக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிக் கொடுத்துக் கொண்டிருப்போம்.

கோரிக்கைகள்

நாம் கேட்பவை இவை. குடிநீர் மணற்படுகையில் முறையாக வடிகட்டப்பட்டு, பிறகு குளோரின் கலந்து வரவேண்டும். சாக்கடையை ஒட்டி ஓடும் உடைந்த குழாய்களை மாற்ற வேண்டும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். காலனிக்கும் ஊருக்கும் ஒரே தண்ணீர் வேண்டும். ஆலையில் கக்கூசுக்குத் தள்ளிக் குடிநீரும், கை கழுவச் சோப்பும் வேண்டும். வயல் வேலைக்கு அழைப்பவர் குடிக்க நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

நாம் சொன்ன அந்தப் பதலித் தொழிலாளி மருந்தை முழுவதும் சாப்பிட்டார்; குழந்தைக்கும் கொடுத்தார்கள். இருவருக்கும் பேதி நின்றது. இழந்த ஒன்பது நாள் கூலி திரும்ப வரவில்லை. அந்தத் தெருவில் குடிநீர்க் குழாய் இன்னும் சாக்கடைக்குள்தான் முங்கிக் கிடக்கிறது. அடுத்த மாதம் வேறொருவர், "வயிறு சரியில்லை, தோழர்" என்பார். அன்று அதைக் கேட்டுவிட்டு நாம் சும்மா நடந்து போகக் கூடாது. இந்த வாரமே ஒவ்வொரு கிளையும் தன் தெருக் குழாயைப் போய்ப் பார்த்து, எங்கே கசிகிறது என்று எழுதி எடுத்துக் கொண்டு வாருங்கள். மனுவை அங்கிருந்து தொடங்குவோம்.